தேர் நின்றால்தான் படம் விழும்! - அரியலூர், பெரம்பலூர் திருவிழாக்களும் கேமராவும்

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோவில் தேரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ராமநவமியை ஒட்டி வரும் திருவிழா அது. கருவறையில் வழிபடப்படுவது ஒரு கல் கம்பம். விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தேர் அசையும் அந்த நேரத்தில் பார்த்தால், வடம் பிடித்த கைகளுக்குச் சமமாக செல்போன் தூக்கிய கைகளும் இருக்கும்! பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் தேர், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா தேர்பவனி என்று எங்கே போனாலும் இதே காட்சிதான்.

ஆனால் கேமரா வந்த புதிதில், ஓடும் தேரைப் படம் பிடிப்பது என்பது நடக்காத காரியம். 1839-ல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஒளி விழ வேண்டும். அதுவரை எதிரே இருப்பது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கோபுரம் இருக்கும், கல்வெட்டு இருக்கும். வடம் இழுக்கும் கூட்டம் இருக்குமா? தேர் நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் கேமராவுக்கு வேலை. கூட்டம் நகர்ந்தால் படத்தில் வெறும் புகை மாதிரி ஒரு கறை விழும், அவ்வளவுதான். சில சமயம் அதுவும் விழாது, தெரு காலியாகவே தெரியும்.

கல்லுக்குக் கிடைத்த இடம்

1856-ல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். (இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன.) தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்றைக்கும் ஆச்சரியப்பட வைக்கும் வேலை. ஆனால் அவர் படங்களில் மனிதர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொஞ்ச காலத்தில் ஆளுநர் டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்தப் பணியையே மூடிவிட்டார். பட்ஜெட் வெட்டில் முதலில் அடிபடுவது எது என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான் போல!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரியலூர் பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. இங்கே கிடைக்கும் சிப்பிகளும் சங்குகளும் கல்லாகிப் போனவை. 1860-களில் ஸ்டாலிச்கா என்ற அறிஞர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நுணுக்கமான படங்களோடு பெரிய பெரிய தொகுதிகள் வெளிவந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த சிப்பிக்குப் பெயர், படம், பக்க எண் எல்லாம் இருக்கிறது. அதே காலத்தில் அதே மண்ணில் உழுதவர்களின் முகம் எப்படி இருந்தது? அதைக் குறித்து வைக்க அரசாங்கத்துக்கு அத்தனை அக்கறை இல்லை.

மனிதர்களைப் படம் பிடித்தபோது...

1870-களில் உலர்தட்டு முறை வந்தது. ஒளி விழும் நேரம் நொடியின் ஒரு பகுதியாகக் குறைந்தது. 1888-ல் கோடாக் கேமராவும் வந்துவிட்டது. இனி ஓடும் தேரையும் பிடிக்கலாம், ஓடும் குழந்தையையும் பிடிக்கலாம்.

ஆனால் கேமரா யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-ல் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். அதில் மனிதர்களின் படங்கள் உண்டு. ஆனால் அவர்கள் அங்கே 'மாதிரிகள்'. மூக்கின் அகலம், தலையின் நீளம் இவற்றோடு சேர்த்துப் பதிவானவர்கள். பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை, சாதிப் பெயர் மட்டும்தான். சிப்பிக்குக் கிடைத்த மாதிரியான இடம்தான் மனிதர்களுக்கும் கிடைத்தது என்று சொல்லலாம்.

செய்தித்தாள்களின் கேமராவோ சின்ன ஊருக்கு எளிதில் வராது. அரியலூர் என்ற பெயர் நாடு முழுவதும் தெரிந்தது 1956 நவம்பர் 23 அன்று. மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஓர் ஊர் செய்தியாக வேண்டுமென்றால் அங்கே விபத்து நடக்க வேண்டும். வருடா வருடம் ஒழுங்காக ஓடும் தேர் செய்தி ஆகாது.

திருவிழாக் கடையில் ஒரு போட்டோ

அப்படியென்றால் சாதாரண ஜனங்களின் முகத்தைப் பதிவு செய்தது யார்? திருவிழாவுக்குக் கடை போட வந்த போட்டோக்காரர்தான்!

வளையல் கடை, ராட்டினம், மிட்டாய்க் கடை இவற்றுக்கு நடுவே ஒரு தட்டி மறைப்பு. பின்னால் வரைந்து தொங்கவிட்ட திரையில் மாளிகை, தோட்டம், மலை. சில கடைகளில் சினிமா நட்சத்திரங்களின் அட்டை உருவம், பக்கத்தில் நின்று தோளோடு தோள் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். புது மணமக்கள், மொட்டை அடித்த குழந்தை, சேர்த்து வைத்த காசோடு வந்த நாலு சிநேகிதர்கள். இங்கே யாரும் 'மாதிரி' இல்லை. தனக்குப் பிடித்த சட்டையைப் போட்டு, தனக்குப் பிடித்த மாதிரி நின்று, தன் காசைக் கொடுத்து எடுத்த படம்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. 120 ஃபிலிமில் சதுரப் படம் எடுத்தால் 12 விழும். 35 எம்.எம். ரோலில் 36. ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் ஃபிலிம், கழுவுவது, பிரிண்ட் என்று செலவு. அதனால் வீணாக ஒரு படம்கூட எடுக்க மாட்டார்கள். காசு கொடுப்பவர் முகத்துக்குத்தான் கேமரா திரும்பும். காசு இல்லாதவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். பல வீடுகளில் தாத்தா படம் இருந்து பாட்டி படம் இல்லாமல் போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தேர் போகும் வழி. தேர் எந்தத் தெருவில் போகிறதோ அந்தத் தெருதான் படத்தில் வரும். தேர் நுழையாத தெருக்கள் படத்திலும் நுழையாது. வடத்தைத் தொட அனுமதி இல்லாதவர்கள் படத்தின் ஓரத்தில்கூட இருக்க மாட்டார்கள். இது கற்பனை அல்ல. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் எல்லா சாதியினரும் வடம் பிடிப்பது பற்றி 1990-களின் இறுதியில் எழுந்த பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில்தான் பலத்த போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. ஆகவே பழைய திருவிழாப் படம் ஒன்றைப் பார்க்கும்போது, இதில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

ட்ரங்குப் பெட்டியில் இருக்கும் வரலாறு

ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. 2000-களில் நோக்கியா 6600 போன்ற கேமரா போன்கள் வந்தன, பிறகு ஸ்மார்ட்போன். ஒரு கிளிக்குக்கு ஆகும் செலவு பூஜ்யம் ஆனது. பாட்டிகளும் படத்துக்குள் வந்தார்கள், தேர் வராத தெருவும் வந்தது. நல்ல விஷயம்தான்!

ஆனால் ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது பல இடங்களில் நெகடிவ்களும் குப்பைக்குப் போயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டம் ஒன்றின் மூலம், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப்போய் இந்தப் படங்களை ஸ்கேன் செய்து சேர்த்தது. அருமையான முயற்சி. ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை ஊருக்குப் போக முடியும்?

மிச்சம் இருப்பது வீட்டுப் பரணில், ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஈரமும் பூச்சியும் தின்றது போக மீதி. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் போய்விட்டால், படம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. தர்ஸ்டன் புத்தகத்தில் வரும் பெயரில்லாத முகங்கள் மாதிரி அதுவும் ஒரு பெயரில்லாத முகம் ஆகிவிடும்.

செய்ய வேண்டியது ரொம்ப சின்ன வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் பெட்டியைத் திறந்து பெரியவர்களிடம் கேளுங்கள். யார், எந்த ஊர்த் திருவிழா, எந்த வருஷம்? படத்தின் பின்பக்கம் மெதுவாகப் பென்சிலால் எழுதி வையுங்கள். போனில் இருக்கும் படங்களில் நல்லதாகப் பத்தைப் பிரிண்ட் போட்டு அவற்றின் பின்னாலும் எழுதுங்கள். சிப்பிக்கு இருக்கும் பெயர்ச்சீட்டு தாத்தா பாட்டிக்கும் இருக்கட்டுமே!