கூட ஸ்பீட் இருந்தால் போதுமா? கிளவுட் கேமிங் வந்த கதை

தரம் 11 பிள்ளைகள் போன வாரம் கேட்டார்கள்: "சேர், பிளேஸ்டேஷன் வாங்காமலே பெரிய கேம் எல்லாம் ஃபோனில் விளையாடலாமாமே, கூட ஸ்பீட் உள்ள பெக்கேஜ் போட்டால் போதுமா?" வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

கிளவுட் கேமிங்கில் கேம் உங்கள் கையில் ஓடுவதில்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. அதன் காட்சி மட்டும் வீடியோவாக உங்களிடம் வருகிறது.

2009 மார்ச்சில் ஸ்டீவ் பேர்ல்மன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் 'ஒன்லைவ்' சேவையை அறிவித்தபோது பலர் நம்பவில்லை. 2010 ஜூனில் அமெரிக்காவில் அது வந்தேவிட்டது. எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் கேட்டார்கள். அது பெரிய விஷயமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு. டேட்டா சென்டரிலிருந்து சுமார் 1,600 கிலோமீற்றருக்குள் நீங்கள் இருக்க வேண்டும். அதோடு ஆரம்பத்தில் வைஃபை கிடையாது. ரவுட்டரிலிருந்து வயர் இழுத்துத்தான் விளையாட வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? யூடியூப் என்றால் அடுத்த சில செக்கன்களுக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். லைன் கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் அது நடக்காது. அடுத்து எந்தப் பட்டனை அழுத்துவீர்கள் என்று யாருக்குத் தெரியும்? அழுத்திய செய்தி அங்கே போய், காட்சி உருவாகி, சுருக்கப்பட்டு, திரும்பி வந்து, உங்கள் திரையில் விரிய வேண்டும். செக்கனுக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். 100 மில்லிசெக்கன் தாமதம் என்றால் நீங்கள் ஆறு படம் பின்னால் நிற்கிறீர்கள். சண்டைக் கேமில் அடி விழுந்த பிறகுதான் கை ஓங்கியதே தெரியும்! வைஃபையில் இந்தத் தாமதம் ஒரே அளவாகவும் இராது, கூடிக் குறையும். கடையில் 'ஸ்பீட்' என்று விற்பது குழாயின் அகலம். கேமுக்கு அகலத்தோடு குழாயின் நீளமும் முக்கியம்.

2012 ஆகஸ்டில் ஒன்லைவ் பணத்தில் தடுமாறி ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. 2015 ஏப்ரல் 30இல் சேவையே முடிந்தது. காப்புரிமைகளை சோனி வாங்கியது. (அதே சோனி 2012இல் 'கைக்காய்' என்ற போட்டிக் கம்பனியை 380 மில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது.)

பிறகு கூகுள். காசுக்கும் டேட்டா சென்டருக்கும் பஞ்சமில்லாத கம்பனி. 2019 நவம்பரில் 14 நாடுகளில் 'ஸ்டேடியா' வந்தது. குறைந்தது 10 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 35. பெற்றோர் கவனிக்க: 35 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 16 ஜீபீ டேட்டா முடியும். 2023 ஜனவரி 18இல் அதையும் மூடினார்கள், கேம் வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து. பழியை முழுவதும் லைன் மீது போடுவது நியாயமில்லை. பெரும்பாலான கேம்களைத் தனித்தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்ததும் ஆட்களைத் தள்ளிவைத்தது.

இனி நம் கணக்கு. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். ஃபைபரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர 27 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே உண்மையில் இன்னும் கூடும். பெக்கேஜை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த 27 குறையாது. ஸ்பீட் டெஸ்டில் 'பிங்' என்று ஓர் எண் வரும் பிள்ளைகளே. ஒருமுறை வைஃபையிலும் ஒருமுறை வயரிலும் பார்த்துக் குறித்து வாருங்கள், வகுப்பில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.