அண்ணாவிமார் காத்த விசுவாசம்



சென்ற கிழமை ஹவுகன்ஸ்டுவாவில் ஓர் இல்லத்தில் செபமாலை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், மறைக்கல்வி வகுப்பொன்றைப் பொறுப்பேற்குமாறு ஒரு தாயாரைக் கேட்டேன். "நான் இறையியல் படித்தவளல்ல, பாதர். அதற்குக் குருமடம் போனவர்கள் இருக்கிறார்கள்தானே?" என்றார். அவருடைய தாழ்மையை மதிக்கிறேன். ஆயினும் அவ்விடை எம் திருச்சபையின் வரலாற்றோடு பொருந்துவதன்று. அதற்குரிய காரணத்தை உங்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகின்றேன்.

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் எம் முன்னோர் குருவின் முகத்தைக் காணாது வாழ்ந்தனர். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. எஞ்சியிருந்தது இல்லங்களில் இரகசியமாகச் சொல்லப்பட்ட செபமே.

1687 இல் கோவாவிலிருந்து ஒருவர், தூத்துக்குடி வழியாக, ஏழைக் கூலியாளின் கோலத்தில் எம் கரையை அடைந்தார். நோயினால் மெலிந்த உடல், கழுத்திலே செபமாலை. அதைக் கண்டு முகம் மலர்வோர் யாரென நோக்கியே அவர் கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பர். அவரே புனித யோசே வாஸ் அடிகளார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர்.

அடிகளாரின் கல்வியைச் சற்று நோக்குங்கள். 1651 இல் பிறந்த அவர், கோவாவில் இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியிலும், தொமினிக்கன் சபையினரின் புனித தோமஸ் அக்குவினாஸ் கல்விக்கூடத்திலும் பயின்று, 1676 இல் குருவானார். இலத்தீனும் போர்த்துக்கேயமும் கைவந்தவர். எனினும் அக்கல்வி போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. எம் மக்களுக்காகத் தமிழைக் கற்றார். 1692 இல் கண்டியில் உளவாளி என ஐயுற்றுச் சிறையிடப்பட்டபோது, அச்சிறையையே சிங்களம் கற்கும் பள்ளியாக்கினார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி, மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களைத் தம் கைகளால் கழுவிப் பராமரித்தார். கல்லூரியில் கற்றவை முழுமைபெற்றது சிறையிலும் நோயாளரின் பாயருகிலுமே.

ஆனால் நான் சிறப்பாகச் சொல்ல விழைவது வேறொன்று. இலங்கை முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே இருந்தனர். ஓர் ஊருக்குக் குரு ஆண்டில் ஒருமுறை வந்தாலே பெரிது. எஞ்சிய நாள்களில் திருச்சபையைத் தாங்குவது யார்? இவ்வினாவிற்கு அடிகளார் கண்ட விடையே மூப்பரும் அண்ணாவியும். மூப்பர் சமூகத்தின் காரியங்களைக் கவனித்தார். அண்ணாவி பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டினார். ஞாயிறு தோறும் செபங்களை நடத்தினார். சாவின் வாயிலில் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தார். மரிப்போருக்குச் செபத்தால் துணைநின்றார். இவர்கள் மணமுடித்தவர்கள், உழைத்து உண்டவர்கள். எவரும் குருமடம் கண்டவரல்லர்.

அவர்களுக்கு நூல்களும் வேண்டியிருந்தன. 1705 இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் அவற்றை எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் ஊரிலே இராகத்தோடு வாசிக்கப்பட்ட வியாகுலப் பிரசங்கம் உங்களுள் மூத்தோருக்கு நினைவிருக்கும். அதுவும் அவருடைய கொடையே. குரு இல்லாத ஊரிலும் அண்ணாவியின் குரல்வழியே மறையுரை ஒலித்தது.

1711 சனவரி 16 இல் யோசே வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சி அதன்பின் 80 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. விசுவாசமும் நீடித்தது. 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரறியா அந்த அண்ணாவிமாரையும் நான் நன்றியோடு நினைத்தேன்.

நாம் வாழும் இந்நாட்டின் வரலாற்றையும் எண்ணிப்பாருங்கள். 1537 இல் நோர்வேயில் கத்தோலிக்கத் திருச்சபை சட்டத்தால் அகற்றப்பட்டது. ஒஸ்லோவில் மீண்டும் ஒரு பங்கு அமைந்தது 1843 இல். இயேசு சபையினர் மீதான தடை 1956 வரை நீடித்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பழைய விசுவாசம் மக்களிடையே மங்கி மறைந்தது. காரணங்கள் பல. ஆயினும் பாடம் ஒன்று: கையளிக்க ஆளில்லாத விசுவாசம் தானாக நிலைப்பதில்லை. எமக்கு இங்கே அரச தடை எதுவுமில்லை. எம் பிள்ளைகள் விசுவாசத்தை இழப்பார்களாயின், அதற்கு ஒல்லாந்தரைக் குறைகூற முடியாது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992 இல் குருக்களின் உருவாக்கம் பற்றி எழுதிய மடலில் நான்கு தளங்களைக் குறித்தார்: மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பயிற்சி முழுமையாகாது. 2021 இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்குரிய திருப்பணியாகவே நிறுவினார். எம் ஊர்களில் அண்ணாவிமார் 300 ஆண்டுகளுக்கு முன்னரே ஆற்றிய பணி இதுவன்றோ?

ஆகவே அந்தத் தாயாருக்கும் உங்களுக்கும் என் விடை இது. இறையியல் அறிவை நாம் கூடிக் கற்கலாம். கற்பிப்பது என் கடன். ஆனால் வேலை முடிந்து களைத்து வந்தும் நோயாளியைப் பார்க்கச் செல்லும் உங்கள் மனமும், பிள்ளையின் நோர்வேஜிய வினாவைக் கேட்டுப் பொறுமையோடு தமிழில் விளக்கும் உங்கள் நாவும் எந்தக் குருமடமும் எனக்குத் தராதவை. திருவருகைக் காலத்திற்கு முன் பயிற்சியைத் தொடங்குவோம். தகுதி உண்டா என்று தயங்காது வாருங்கள். அண்ணாவிமாரும் அப்படித்தான் வந்தார்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

செபத்தில் உங்களை நினைவுகூரும்,
உங்கள் பங்குத்தந்தை