பர்னார்டு விண்மீனும் ஒரு கோளின் தேடலும்

எட்வர்டு எமர்சன் பர்னார்டு என்னும் அமெரிக்க வானியலாளர் 1916-இல் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகட்டை 1894-ஆம் ஆண்டுத் தகட்டோடு ஒப்பிட்டபோது, ஒபியூக்கஸ் விண்மீன் குழுவில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மங்கிய விண்மீன் ஒன்று பெரிதும் இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். தொலைவிலுள்ள மீன்களின் பின்னணியில் ஒரு விண்மீன் ஆண்டுதோறும் நகரும் அளவைத் தன்னியக்கம் என்பர். பாகையின் 3,600-இல் ஒரு பங்கான வில்விநாடியால் அதை அளப்பர். பர்னார்டின் பெயரைப் பெற்ற அவ்விண்மீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 10.3 வில்விநாடி நகர்வதால், முழுநிலவின் விட்டத்தளவு தொலைவைச் சுமார் 180 ஆண்டுகளில் கடந்துவிடுகிறது. இதை விஞ்சும் தன்னியக்கமுடைய விண்மீன் இன்றளவும் அறியப்படவில்லை.

ஏறத்தாழ 6 ஒளியாண்டுத் தொலைவில், ஆல்பா சென்டாரித் தொகுதிக்கு அடுத்தபடியாக நமக்கு அண்மையிலுள்ள இச்செங்குறுமீனின் நிறை சூரியனின் நிறையில் ஆறில் ஒரு பங்கே ஆதலால், அதைச் சுற்றும் கோளின் ஈர்ப்பு அதன் பாதையைச் சற்றே நெளியச் செய்யும் என்றும், அந்நெளிவைத் தகடுகளில் அளக்கலாம் என்றும் வானியலாளர் எதிர்பார்த்தனர். இதே தருக்கத்தைக் கொண்டு சென்னை வானாய்வகத்தின் டபிள்யூ. எஸ். ஜேக்கப், அதே குழுவிலுள்ள 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனுக்குக் கோள் இருக்கலாம் என 1855-இலேயே கூறியிருந்தார். அக்கூற்று பின்னர் நிலைக்கவில்லை.

பென்சில்வேனியாவின் ஸ்புரூல் வானாய்வகத்தில் 1938 முதல் தகடுகளைச் சேர்த்துவந்த பீட்டர் வான் டி காம்ப், வியாழனைப்போல் 1.6 மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று 24 ஆண்டுக்கு ஒருமுறை இவ்விண்மீனைச் சுற்றுவதாக 1963-இல் அறிவித்தார். ஆனால் வேறு தொலைநோக்கிகளின் தகடுகளை ஆராய்ந்த ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்ஹார்னும் 1973-இல் அந்நெளிவைக் காணவில்லை. அதே ஆண்டில் ஸ்புரூலைச் சேர்ந்த ஜான் ஹெர்ஷி, அங்குள்ள தகடுகளில் பிற விண்மீன்களும் ஒத்த காலத்தில் தடம் விலகியதைச் சுட்டி, 1949-இலும் 1957-இலும் தொலைநோக்கி வில்லையில் செய்யப்பட்ட மாற்றங்களோடு அது பொருந்துவதைக் காட்டினார். விண்மீனின் அசைவாகக் கொள்ளப்பட்டது கருவியின் அசைவே என்று துறையினர் தெளிந்தபோதும், வான் டி காம்ப் 1995-இல் மறையும்வரை தம் முடிவைக் கைவிடவில்லை.

விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசைவதை அதன் நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சியால் அறியும் முறை, 2024, 2025 ஆண்டுகளில் பர்னார்டு விண்மீனுக்கு நான்கு கோள்கள் உண்டெனக் காட்டியது. புவியைவிடச் சிறியனவாய், ஒரு வாரத்துக்குள் தம் சுற்றை முடிக்கும் அவற்றால் விளையும் நெளிவு, ஸ்புரூல் தகடுகளால் அளக்க இயலாத அளவுக்கு நுண்ணியது.