கார்பன் நானோகுழாய் டிரான்சிஸ்டர்களின் ஆக்கமுறைகள்

கார்பன் நானோகுழாய் என்பது ஓர் அணு தடிமன் கொண்ட கிராஃபீன் தாள் உருளையாகச் சுருண்ட வடிவம். ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 2 நானோமீட்டர். சுருளின் கோணத்தையும் விட்டத்தையும் பொறுத்து அது உலோகம் போலவோ குறைக்கடத்தியாகவோ நடந்துகொள்ளும். டிரான்சிஸ்டருக்கு ஏற்றது குறைக்கடத்திக் குழாயே. அதில் எலக்ட்ரான்கள் அதிகம் சிதறாமல் பாய்வதால் குறைந்த மின்னழுத்தத்திலும் மிகுந்த மின்னோட்டம் கிடைக்கும்.

ஜப்பானின் என்இசி நிறுவனத்தைச் சேர்ந்த சுமியோ இஜிமா 1991இல் பலசுவர்க் குழாய்களை விவரித்தார். ஒற்றைச்சுவர்க் குழாய்களை 1993இல் அவரது குழுவும் ஐபிஎம் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. முதல் நானோகுழாய் டிரான்சிஸ்டர்களை 1998இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் உருவாக்கின.

வளர்த்தல்

தொடக்கத்தில் மின்வில் முறையாலும் லேசர் ஆவியாக்க முறையாலும் குழாய்கள் பெறப்பட்டன. இன்று பெரிதும் பயன்படுவது வேதி ஆவிப் படிவு முறை. இரும்பு, கோபால்ட் போன்ற உலோகங்களின் நுண்துகள்கள் வினையூக்கியாகத் தகட்டின் மேல் இடப்படுகின்றன. ஏறத்தாழ 700 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மீத்தேன் போன்ற வாயு செலுத்தப்படும்போது, அது சிதைந்து வெளிவிடும் கார்பன் அத்துகள்களிலிருந்து குழாயாக வளர்கிறது. வினையூக்கியை வேண்டிய இடங்களில் மட்டும் இட்டால் குழாய் முளைக்கும் இடத்தைக் கட்டுப்படுத்தலாம். குவார்ட்ஸ் படிகத்தின் மேல் வளர்த்தால், படிக அமைப்பின் திசையை ஒட்டிக் குழாய்கள் ஏறத்தாழ இணையாக வளர்கின்றன.

பிரித்தல்

கட்டுப்பாடின்றி வளரும் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மையுடையவை. அவை டிரான்சிஸ்டரை அணைய விடாமல் மின்னைக் கசியவிடும். 2001இல் ஐபிஎம் ஆய்வாளர்கள், குறைக்கடத்திக் குழாய்களை, டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் வாயில் (கேட்) முனையின் மின்னழுத்தத்தால் அணைத்துவிட்டு, மிகுந்த மின்னோட்டத்தால் உலோகக் குழாய்களை மட்டும் எரித்து நீக்கினர். குழாய்களைக் கரைசலில் பரப்பி, அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு மையவிலக்கியில் பிரிப்பது மற்றொரு வழி. குறைக்கடத்திக் குழாய்களைத் தேர்ந்து சுற்றிக்கொள்ளும் பாலிமர்களும் பயன்படுகின்றன.

அடுக்குதலும் இணைத்தலும்

பிரித்தெடுத்த குழாய்களைத் தகட்டின் மேல் இணையாக, நெருக்கமாக, சம இடைவெளியில் அடுக்க வேண்டும். மாறுமின்புலத்தால் இழுத்து அடுக்குவதும், நீர்மப் பரப்பில் தாமாக ஒழுங்குபடச் செய்வதும் இதற்கான வழிகள். 2020இல் பீகிங் பல்கலைக்கழகக் குழு ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தில் 100 முதல் 200 குழாய்கள் வரை அடுக்கிக் காட்டியது.

குழாயும் மின்வாயும் சந்திக்கும் இடத்தில் தடை கூடினால் குழாயின் சிறப்பு வீணாகும். பல்லேடியம், மின்துளைகள் (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்போல் நகரும் இடங்கள்) தடையின்றி நுழையும் தொடர்பை அளிப்பதாக 2003இல் கண்டறியப்பட்டது. எலக்ட்ரான்களுக்கு ஸ்காண்டியம் ஏற்றது. மின்துளைகளால் இயங்கும் டிரான்சிஸ்டர்களும் எலக்ட்ரான்களால் இயங்கும் டிரான்சிஸ்டர்களும் இணைந்தால்தான் மின்சிக்கனமான தருக்கச் சுற்றுகள் அமையும்.

சுற்றுகள்

2013இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகம் 178 டிரான்சிஸ்டர்கள் கொண்ட கணினியை உருவாக்கியது. 2019இல் எம்ஐடி ஆய்வாளர்கள் 14,000க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கொண்ட 16 பிட் நுண்செயலியை வெளியிட்டனர். எஞ்சியிருக்கும் உலோகக் குழாய்களின் பாதிப்பு குறையும்படி அதன் சுற்றுகள் வடிவமைக்கப்பட்டதால், ஏறத்தாழ 99.99 விழுக்காடு தூய்மையே போதுமானதாயிற்று. ஆயினும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட சில்லுக்கு, தூய்மை, அடர்த்தி, சீரான இடைவெளி ஆகிய மூன்றும் முழுத் தகட்டிலும் ஒருசேரக் கிடைக்க வேண்டும். இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் இம்மூன்றையே மையமாகக் கொண்டுள்ளன.