குடியிருப்போர் கருத்துகளுக்குப் பதிலளித்தல் (கலிபோர்னியா)

நகர மறுசீரமைப்புத் திட்டத்தின் சூழல் தாக்க அறிக்கை குறித்து மக்கள் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு, அத்திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அரசு அமைப்பு எழுத்தில் விடை தரும் நடைமுறை. 1970இல் இயற்றப்பட்ட கலிபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டத்திலிருந்து பிறந்தது. வரைவு அறிக்கையின் மீது கருத்துச் சொல்லப் பொதுவாக 30 முதல் 60 நாள் அவகாசம் உண்டு. கட்டுமானத் தூசி, இரைச்சல் என எந்த முக்கியச் சூழல் பாதிப்பைச் சுட்டினாலும், ஆலோசனையை ஏற்க மறுத்தால் காரணத்தை விளக்க வேண்டும். சான்றில்லாத பொத்தாம்பொதுவான மறுப்பு செல்லாது. இந்த நடைமுறையின் உயிர்நாடியே இதுதான். கருத்துகளும் விடைகளும் இறுதி அறிக்கையில் சேர்க்கப்படும். குறையிருந்தால் நீதிமன்றம் செல்லலாம்.

இதே உரிமை வீடுகள் கட்டுவதைத் தாமதப்படுத்தவும் பயன்பட்டது. பெர்க்லியின் மக்கள் பூங்காவில் மாணவர் விடுதி கட்டும் திட்டத்தில், மாணவர் கொண்டாட்டங்களின் இரைச்சல் ஆராயப்படவில்லை என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. குடியிருப்புத் திட்டங்களில் வசிப்போரின் இரைச்சலைச் சூழல் பாதிப்பாகக் கொள்ளக் கூடாதென அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியது. 2025இல் நகருக்குள் அமையும் பல வீட்டுத் திட்டங்களுக்கு இச்சட்டத்தின் சூழல் ஆய்விலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. வீடற்றோர் மிகுந்த மாநிலத்தில் அது தேவையான மாற்றமே. ஆனால் விலக்குப் பெற்ற திட்டங்களில், அக்கம்பக்கத்தார் எழுத்துப்பூர்வ விடை கோரும் இவ்வழி அடைபடுகிறது.