லங்கூர் பெட்டியும் ஜவளகிரிப் புலியும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீசில் ஆணி அதிகம், வீட்டில் குரங்குத் தொல்லை. (என்னைச் சொல்லவில்லை என்று தெளிவாக எழுதச் சொல்லி தங்கமணி உத்தரவு.) நிஜக் குரங்குதான். தில்லி, நொய்டா பக்கம் குடித்தனம் செய்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பால் பாக்கெட்டில் ஆரம்பித்து காயப்போட்ட வேட்டி வரை எதையும் விடாது.

எங்கள் குடியிருப்பில் இதற்கென்று ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அவர் வேலை, லங்கூர் மாதிரி கத்துவது. லங்கூர் என்றால் நம்ம ஊர்க் கருமுக மந்தி. அதைக் கண்டால் செம்முகக் குரங்குக்கு ஆகாது. முன்பெல்லாம் நிஜ லங்கூரையே கயிறு கட்டிக் கூட்டிவருவார்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்று நிறுத்தப்பட்டதும் ஆளே லங்கூர் ஆகிவிட்டார். கதை விடவில்லை. 2014ல் புது தில்லி நகராட்சி இப்படி 40 இளைஞர்களை வேலைக்கு வைத்திருக்கிறது என்று மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 2023 ஜி20 மாநாட்டுக்கும் லங்கூர் கட்-அவுட்டோடு இந்தக் குரல்காரர்களையும் நிறுத்தினார்கள்.

போன வருஷம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் ஆம்ப்ளிஃபயர் இன்ஜினியராச்சே, ஒரு பெட்டி செஞ்சு குடுங்களேன். அந்த ஆள் சம்பளம் மிச்சமாகுமே" என்றார். பெருமை தலைக்கேறி, ஒரு வாரத்தில் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் அப்போது கீழே வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இருந்த தைரியத்துக்குக் காரணம் உண்டு. இந்த மாதிரிப் பெட்டி ஒன்றை நான் ஏற்கெனவே பழுது பார்த்திருக்கிறேன். அது மிருகத்தை விரட்டும் பெட்டி இல்லை, கூப்பிடும் பெட்டி. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். சின்ன வயசில் ராகிக் கொல்லை ஓரம் நரிக்குறவர்கள் வந்து தங்குவார்கள். அதில் ஒரு தாத்தா இரண்டு கையையும் வாயில் குவித்து, அடிபட்ட முயல் மாதிரி வீல் வீலென்று கத்துவார். "அசையாதீங்க சாமி" என்பார். கொஞ்ச நேரத்தில் புதரில் நரியின் மூக்கு தெரியும். தத்துவம் அவ்வளவுதான். சாகிற முயலின் குரல் நரிக்குச் சாப்பாட்டு மணி.

ஜவளகிரி எங்களுக்குப் பக்கத்து ஊர். பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் 1954ல் வந்த தன் முதல் புத்தகத்தில் அங்கே ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றைச் சுட்டதை எழுதியிருக்கிறார். துணை தேடிக் கத்திய புலிக்கு, ஆண்புலி மாதிரி இவர் பதில் குரல் கொடுத்தார். அது தேடி வந்தது. வடக்கே குமாவுன் மலையில் ஜிம் கார்பெட்டும் தாக் கிராமத்தில் இதையேதான் செய்தார். நாள் 1938 நவம்பர் 30. அவருக்கு அப்போது வயது 63. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, கூடவே உள்ளூர் ஆட்கள், ஒரு ஆடு. இவர் கூப்பிட, அது பதில் சொல்ல, கடைசியில் சில கஜ தூரத்தில் வந்து நின்றது. அவர் வேட்டையாடிய கடைசி ஆட்கொல்லி அதுதான்.

இந்த இரண்டு கதையிலும் நான் கவனிப்பது ஒரு விஷயம். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் மனுஷனும் இருக்கிறான். புலி தேடி வருவது அவனைத்தான். குரல் ஒரு சுருதி பிசகினால் உயிர் போகும். அது பதில் சொல்கிற தினுசைக் கேட்டு இவரும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட பேச்சுவார்த்தை.

இந்தப் பேச்சுவார்த்தையில் மனுஷனை வெளியே எடுத்தது ஒலிப்பதிவு. 1889ல் ஜெர்மனியில் லுத்விக் கோச் என்ற எட்டு வயதுப் பையன், எடிசனின் மெழுகு உருளையில் கூண்டுப் பறவை ஒன்றின் பாட்டைப் பதிந்தான். பறவைக் குரல் பதிவுகளில் நமக்குத் தெரிந்து மிகப் பழையது அதுதான். பறவை எது தெரியுமா? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பாடுகிற ஷாமா!

அமெரிக்காவில் டெக்ஸாஸின் மார்பிள் ஃபால்ஸ் ஊரில் பர்ன்ஹாம் சகோதரர்கள் 1950களில் வாயில் வைத்து ஊதும் முயல் பீப்பியைத் தபாலில் விற்றுப் பிரபலமானார்கள். 1960களில் அதே மாநிலத்தின் வேக்கோ ஊர் ஜானி ஸ்டூவர்ட், நிஜ மிருகங்களின் குரலை இசைத்தட்டில் போட்டு விற்றார். காட்டுக்குள் கிராமபோன்! தட்டு சமதளத்தில் இல்லாவிட்டால் ஊசி தாவும். பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாகி, முயல் குரல் ஆட்டுக் குரலாகிவிடும். அப்புறம் கேசட் வந்தது. ரப்பர் பெல்ட் தளர்ந்தாலோ தலையில் அழுக்கு சேர்ந்தாலோ குரல் அலையும், மங்கும். (இளையராஜா கேசட்டைப் பென்சிலால் சுற்றியவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டாம்.) 1990களின் பிற்பகுதியில் டிஜிட்டல் பெட்டி. சுழல்கிற பாகம் இல்லை, பெல்ட் இல்லை. ரிமோட்டை அழுத்தினால் ஐம்பது கஜத்துக்கு அப்பால் முயல் அழும்.

இனி என் கதை. 2011ல் மூன்று மாதம் ஆஸ்டினில் ஆன்சைட். மார்பிள் ஃபால்ஸ் அங்கிருந்து ஒரு மணி நேரம். கூட வேலை பார்த்தவர் வார இறுதியில் கயோட்டி வேட்டைக்குப் போவார். கயோட்டி நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணி. கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டியை அடிப்பதால் பண்ணைக்காரர்களுக்குப் பரம வைரி. அவருடைய பெட்டி வீட்டில் ஒழுங்காகப் பாடும், காட்டில் சத்தத்தைக் கூட்டினால் பொட்டென்று அணைந்து தானே மறுபடி உயிர் பெறும். திறந்து பார்த்தேன். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. சத்தம் உச்சத்துக்குப் போகும்போது ஆம்ப்ளிஃபயர் கரண்டை இழுக்கும், துருப்பிடித்த முனையில் வோல்டேஜ் சரியும், உள்ளே இருக்கிற சில்லு மயக்கம் போட்டு எழும். உப்புக்காகிதத்தால் தேய்த்தேன், ஸ்பிரிங் மாற்றினேன். ரிமோட் எட்டவில்லை என்றார். பெட்டியைப் புல்லுக்குள் தரையில் வைத்தால் ரேடியோ அலை எப்படிப் போகும்? ஒரு கிளையில் தொங்கவிடச் சொன்னேன். கொம்பு ஸ்பீக்கர் என்பதால் முயல் வீறிடல் கிழித்துக்கொண்டு போகும். புலியின் அடித்தொண்டைக் குரலுக்கு அந்தக் கொம்பு உதவாது, தகர டப்பா மாதிரி இருக்கும்.

சரிபார்க்க என்னையும் கூட்டிப் போனார். கயோட்டி நேராக வராது, சுற்றிக்கொண்டு காற்று அடிக்கிற திசைக்குக் கீழே போய் மோப்பம் பிடிக்கும். அது தெரிந்து நாங்கள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம். ஒன்று வந்தது. பெட்டி தொங்கிய மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஊரில் அந்தத் தாத்தா கூப்பிட்ட நரி, புதரிலிருந்து தாத்தாவைத்தான் பார்த்தது. எனக்கு என்னமோ போல இருந்தது. நான் சரிசெய்த பெட்டி என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

அவர் சுட்டார், குறி தவறியது. ஓடிவிட்டது. "இதுக்கு இனிமே படிப்பு வந்துருச்சு" என்றார். அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், படித்த கயோட்டி. ஒரு தடவை ஏமாந்து தப்பித்தது அந்தச் சத்தத்துக்கு லேசில் வராது. அடுத்த வாரம் அதே இடம், அதே முயல், ஈ காக்கா இல்லை. பெட்டியில் ஒரு குறையும் இல்லை, நான்தான் மறுபடி திறந்து பார்த்தேனே.

அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கும் இதில் சங்கடம் உண்டு போல. வலசை வரும் வாத்துகளை எலக்ட்ரானிக் குரலால் கூப்பிட்டுச் சுடக்கூடாது என்பது அங்கே மத்திய அரசு விதி. பனி வாத்துகள் பெருகி ஆர்க்டிக் புல்வெளியை அழிக்க ஆரம்பித்ததால் 1999ல் அவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் இதே பெட்டியை வைத்துக் கழுதைப்புலியையும் சிங்கத்தையும் எண்ணுகிறார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் வராமல் போய்விடும், கணக்கு தப்பும் என்று ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பார்கள். நம்ம நாட்டில் 1972 சட்டப்படி வேட்டைக்கு முயற்சி செய்வதே குற்றம், ஆகவே யாரும் ஆசைப்பட வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் லங்கூர் பெட்டி செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

கொம்பு ஸ்பீக்கர், நல்ல பேட்டரி, துரு ஏறாத முனைகள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லங்கூர். முதல் நாள் குரங்குகள் தலைதெறிக்க ஓடின. எனக்குக் கைதட்டல், அந்த ஆளுக்குக் கணக்குத் தீர்த்தார்கள். ஐந்தாம் நாள் மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்து கேட்டன. குரலை மாற்றினேன், நேரத்தைக் கலைத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு பெரிய ஆண் குரங்கு ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து என் வீட்டு வாழைப்பழத்தை உரித்தது. அதற்குள் மூன்றாவது மாடியில் ஒரு சின்னப் பையனுக்குக் கையில் கடி. ஆஸ்பத்திரி, ஊசி. அவன் அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்டில் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் நானே போய் அந்த ஆளைக் கூப்பிட்டேன். வந்ததும் பெட்டியைப் போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "சார், இது எங்கேயோ தூரத்துல இருக்கற கூட்டாளியைக் கூப்பிடற சத்தம். திட்டணும்னா திட்டற மாதிரி வரணும். அதுவும் எதிர்ல போய் நின்னு" என்றார். சொல்லிவிட்டுக் கையில் கம்போடு மாடிப்படி ஏறினார். கீழே நின்ற எனக்கே அடிவயிறு கலங்கியது.

சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டார். சங்கக் கூட்டத்தில் நான்தான் முதலில் கை தூக்கினேன். பெட்டி இப்போது எங்கள் பால்கனியில் இருக்கிறது. மார்கழியில் திருப்பாவை போட உபயோகமாகிறது, அதுவும் கீழ் வீட்டுக்காரர் எழுந்த பிறகுதான்.