கேம் கன்சோல் விலைப்போட்டி (இந்தியா)

வீடியோ கேம் கன்சோல் நிறுவனங்கள் விலை வைப்பதிலும் சந்தை பிடிப்பதிலும் கையாளும் உத்திகளை இது குறிக்கும். கருவியைச் சொற்ப லாபத்துக்கோ நஷ்டத்துக்கோ விற்றுவிட்டு, கேம்களிலும் சந்தாவிலும் வருமானம் பார்ப்பது இத்தொழிலின் பரவலான வழக்கம்.

1995இல் அமெரிக்காவில் சேகா தன் சாட்டர்னுக்கு 399 டாலர் என்றது. சோனி பிளேஸ்டேஷனுக்கு 299 டாலர் என்று அறிவித்து முந்தியது.

இந்தியாவில் இறக்குமதி வரியே பெரும் தடை. 1990களில் சேகா, ஷா வாலஸ் நிறுவனம் வழியாக மெகா டிரைவை விற்றது. விலை 18,000 ரூபாய். மதுரை போன்ற நகரங்களின் நடுத்தர வீடுகளுக்கு அது எட்டாத தொகை. அந்த இடத்தை நின்டெண்டோ கருவியின் மலிவு நகல்களான ‘டிவி கேம்’கள் நிரப்பின. கேசட்டின் மேல் நூற்றுக்கணக்கான கேம்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே ஒரு சில கேம்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360ஐ 19,990 ரூபாயில் தொடங்கி விற்றது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 அடுத்த ஆண்டு 39,990 ரூபாய்க்கு வந்தது. அதே வேளையில் பழைய பிளேஸ்டேஷன் 2ஐ மலிவு வாசலாகத் திறந்தே வைத்தது சோனி. 2009இல் ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற இந்திய கேமை அதற்கு 499 ரூபாய்க்கு வெளியிட்டது.

2019 ஜனவரியில் கன்சோல்களுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமானது. ஆனாலும் 2021இல் 49,990 ரூபாய்க்கு அறிமுகமான பிளேஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் 54,990 ரூபாயாக உயர்ந்தது.